வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

பதினேழு வருடமாக அடுத்தவர்களின் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. கடலூர் ரோட்டை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதாவது பி.எச்.சி.யில், லேப் டெக்னீஷியன். வீடு பாகூரில். கணவருக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, ஒரு பவர் டில்லர். இந்த வாழ்க்கைக்குள் ஓட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு சர்க்குலர் வழியாக வந்தது.

பாண்டி கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டம், நிலையத்துக்கு இரண்டு பேர் கண்டிப்பாக வர வேண்டும் என்று சர்க்குலர் சொன்னது. எங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வந்துவிட்டது. மருந்து கொடுக்கும் சாருக்கும் எனக்கும் மட்டும் யாரும் கல்யாணம் வைக்கவில்லை. போனோம். எதற்கான விழிப்புணர்வு என்பது இப்போது நினைவில்லை. டி-சர்ட்டின் முதுகில் எழுதியிருந்தார்கள். நமக்குப் பின்னால் ஓடி வருபவர்களுக்குத்தான் அது தெரியும்.

எனக்குப் பின்னால் நிறையப் பேர் ஓடி வந்தார்கள். சுடிதாருக்கு மேல் அந்த டி-சர்ட்டும், என் பையனின் பழைய பள்ளிக்கூட ஷூவுமாக முப்பத்தோரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். மருந்து சார் பாதி வழியில் ஓர் இளநீர் வண்டியோடு நின்றுவிட்டார். முடிவில் கொடுத்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தபோது, காலை ஆறே முக்காலுக்கே கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒருவர் வந்து நின்றார்.

"மேடம், எந்த கிளப்?"

"பி.எச்.சி. சார்."

"அப்படி ஒரு கிளப்பா? கேள்விப்பட்டதில்லையே. சரி, வாரத்துக்கு எத்தனை?"

"எத்தனைன்னா?"

"மைலேஜ் மேடம், மைலேஜ்."

வண்டி நிறுத்திய இடத்தில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று நினைத்தேன். "நாப்பத்தஞ்சு குடுக்குது சார். ஏ.சி. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய ஸ்கூட்டி" என்று சொல்ல ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து என்ற சொல்லுக்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

"நெனச்சேன்! நாப்பத்தஞ்சு! அந்தக் கால் அசைவப் பாத்தப்பவே தெரிஞ்சுது" என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மாலைக்குள் நான் ஓர் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர். 'பாகூரிலிருந்து நம் புதிய சிங்கப்பெண், வாரம் 45 கி.மீ.' என்று அறிமுகம் போட்டு, அதற்குக் கீழே அறுபது பேர் கைதட்டும் பொம்மைகளை அனுப்பியிருந்தார்கள். அது என் ஸ்கூட்டியின் கணக்கு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அறுபது பேர் கைதட்டிய பிறகு எழுத மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

நெற்றிக் கண்ணாடிக்காரரை எல்லோரும் கோச் என்றார்கள். பாண்டியில் தரைக்கு ஓடு விற்கும் கடை வைத்திருந்தார். ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்து உண்டு. அதை அவர் எல்லா நோய்க்கும் கொடுத்தார். முழங்கால் வலித்தால் மைலேஜ் போதவில்லை. தூக்கம் வராவிட்டால் மைலேஜ் போதவில்லை. ஒருவருக்கு ஆபீஸில் பதவி உயர்வு கிடைக்காதபோதும் இதையே சொன்னதாகக் கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். பதிலைப் பொறுத்துத்தான் நாற்காலி போடுவதா, வெளியிலேயே நிற்க வைத்துப் பேசுவதா என்பது முடிவாகும். நகரத்துப் படித்தவர்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் வாரத்துக்கு எத்தனை என்றுதான் கேட்டார்கள். நாற்காலி விஷயம் ஏறக்குறைய அதேதான்.

ஞாயிறு சாயங்காலம் பட்டியல் வரும். முதல் மூன்று பேருக்குக் கிரீடம். கடைசி ஆளுக்கு நத்தை. தூரத்தைக் கணக்கிடும் செயலியும் வாட்சும் வாங்கி முதல் வாரம் நான் ஓடியது பதினான்கு கிலோமீட்டர். ஒரு கிழவர் பதினைந்து ஓடியிருந்தார். நத்தை எனக்கு வந்தது. "மேடம், காயமா?" என்று கோச் தனியாகக் கேட்டார். "ஆமா சார், குதிகால்ல" என்றேன். ஸ்கூட்டியைக் காப்பாற்றச் சொன்ன முதல் பொய்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்பில் மூன்றாம் இடத்துக்குக் கீழே போகாதவள் நான். அந்த நத்தையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த அந்த மூன்றாம் இடத்துக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் இருபத்திரண்டு. பிறகு இருபத்தெட்டு. மூன்று மாதத்தில் முப்பத்தைந்து. வீட்டிலிருந்து ஏரிக்கரை, அங்கிருந்து கிருமாம்பாக்கம் பக்கம் போய்த் திரும்பினால் ஒரு நாள் கணக்குச் சரியாக வரும். அந்த நாட்களில் எனக்கு நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பசித்தது, தூக்கம் வந்தது, பத்து கிலோமீட்டரை ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஓடினேன். அங்கேயே நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஊருக்கு என் ஓட்டத்தைப் பற்றி இரண்டு விளக்கங்கள் இருந்தன. வீட்டில் சண்டை, அல்லது சர்க்கரை. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கும் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கரும்பு டிராக்டர் ஓட்டுபவர் ஒருவர் தினமும் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்கம்மா, உட்டுடறன். எங்க போவணும்?" என்பார். எங்கேயும் போகவில்லை என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். டீக்கடையில் இருந்தவர்கள், "பஸ்ஸ உட்டுட்டீங்களா மேடம்? அடுத்தது வரும், நில்லுங்க" என்றார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் என்னை ரத்தம் எடுக்கும் அம்மாவாகத்தான் தெரியும். நான் ஒரு தெருவுக்குள் ஓடி வந்தால், ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

முப்பத்தைந்தைக் கோச் 'நல்ல ஆரம்பம்' என்றார். நான் என்னவோ காயத்திலிருந்து எழுந்து என் பழைய நாற்பத்தைந்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பதாக அவர் கணக்கு. நாற்பத்தைந்தைத் தொட்டேன். "வெல்கம் பேக் மேடம்" என்று செய்தி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் போன இடத்தில், திரும்பி வந்ததற்காக வரவேற்பு. ஐம்பதுக்கு வெண்கலக் கிரீடம். அறுபது. ஆடி பிறக்கும்போது எழுபது.

எழுபது ஓடும் ஒருத்தியின் நாள் எப்படியிருக்கும் என்றால், அதில் வேறு எதுவும் இருக்காது. காலை ஐந்துக்குக் கிளம்பி ஆறுக்கு வந்து, சோறாக்கி, ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், வேலை முடிந்து வந்து மறுபடி ஐந்து கிலோமீட்டர். உடம்பு லேசாக இருக்க வேண்டும் என்று கோச் சொன்னதால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். அரிசி கனம் என்றார், அரிசியைக் குறைத்தேன். மீனும் கறியும் ஜீரணத்தில் நேரம் பிடிக்கும் என்றார், அதையும். மிச்சமிருந்தது டீ. டீ நிறையக் குடித்தேன்.

என் கணவர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "ஏன்டி, மாடுகூட ஒரு நாளைக்கு இம்மாம் ஏர் இழுக்காதுடி."

"ஒங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. இது பேஸ் பில்டிங், அஸ்திவாரம் போடறது."

"இன்னா பில்டிங்கோ. ஆளே எளச்சி சுவரு மாதிரி வெளுத்துக் கெடக்கற."

வேடிக்கை என்னவென்றால், நான் ஓட ஓட மெதுவாகிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு நிமிடம் அறுபத்தொன்றாகி, அறுபத்து நான்காகி, ஆவணியில் அறுபத்தெட்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. ஏனென்றே தெரியாமல் ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன ஆசையாக இருந்தது. கோச்சுக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

"மேடம், வேகம் உங்களுக்குள்ளதான் இருக்கு. கதவு மூடியிருக்கு. மைலேஜ்தான் சாவி. எண்பது டிரை பண்ணுங்க. அப்புறம் அந்த ஷூவ மாத்துங்க."

எண்பதுக்காக ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நீட்டினேன். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டைக் கடந்து பனித்திட்டு மீனவர் குப்பம் வரை போய்த் திரும்புவது. முதல் ஞாயிறு கடற்கரையை அடைந்ததும் கண் முன்னால் பூச்சி பறந்தது. மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சுகாதாரக் கணக்கெடுப்பு என்று நினைத்து ஒருவர் ஆதார் அட்டையோடு வந்தார். மூச்சு வாங்க, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி, நான் எழுதிக்கொள்வதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, கர்ப்பிணிகள் வரும் நாள். அதில் பனித்திட்டுப் பெண் ஒருத்தி உண்டு. இருபத்து நான்கு வயது, ஐந்தாம் மாதம், வாய் அதிகம். ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும், ஒவ்வொரு மாதமும் நான் திட்டுவேன். பதினொன்றாவது இருக்க வேண்டும், அன்றைக்கு ஒன்பது புள்ளி நான்கு.

"மாத்திரை போடறியா இல்லியா?"

"போடறன்க்கா."

"பொய் சொல்லாத. போட்டா ஏறியிருக்கணும். முருங்கக்கீரை, ஈரலு, பேரிச்சம்பழம், எத்தன தடவ சொல்றது? சாப்பாட்டோட டீ குடிக்காதன்னு சொன்னனா இல்லியா? உள்ள ஒரு உசுரு இருக்குது, கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாமா?"

அவள் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "யக்கா, நேத்து எங்கூட்டுக்காரரு படகப் புடிச்சிகினு நின்னது நீதான?"

"ஆமா. அதுக்கென்னா?"

"எனுக்கு ரத்தம் இல்லன்றியே, ஒன் கண்ணு ரப்பைய இழுத்து வச்சி கண்ணாடில பாத்தியா? சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது. எங்க மாமியா அப்பவே கேட்டுது, இந்தம்மாவுக்கு யாரு ரத்தம் எடுக்கறதுன்னு."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். ஆனால் மத்தியானம் கூட்டம் போனதும், லேப் கதவைச் சாத்திவிட்டு என் மோதிர விரலைக் குத்திக்கொண்டேன். துளி வழக்கத்தைவிடத் தண்ணீராக இருந்தது போல் பட்டது. ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி கொஞ்ச நேரம் யோசித்து எட்டு புள்ளி ஒன்று என்று காட்டியது.

கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். பதினேழு வருடத்தில் நோயாளிகள் இதைச் சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறேன். இன்னொரு விரல். எட்டு புள்ளி பூஜ்யம். மருந்து சாரைக் கூப்பிட்டு, "சார், கையக் கொஞ்சம் குடுங்க" என்று அவர் சம்மதிப்பதற்குள் குத்தினேன். அவருக்குப் பதினான்கு புள்ளி ஆறு. பாதி வழியில் இளநீர் குடித்த மனிதர். கருவி நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஒன்பது புள்ளி நான்குக்காக ஒருத்தியை வரிசை முன்னால் வைத்துத் திட்டிய எனக்கு, அவளைவிட ஒன்றுக்கும் மேல் குறைவு.

எங்கள் டாக்டர் சின்னப் பெண். என்னை அக்கா என்பாள். சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க இதையே வேலையா செய்யறவங்க" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பீரியட்ஸ் எத்தன நாள் இருக்குது?"

"எட்டு நாளு. சில மாசம் ஒம்போது."

"எவ்ளோ நாளா?"

"ஒரு ஒண்ணர வருஷமா."

"நிறையப் போவுதா?"

நான் தலையை ஆட்டினேன். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாகக் குழுவில் என் ஓட்டத்தைப் பற்றி எத்தனை கேள்விகள் கேட்டார்கள்! காலடி எத்தனை, இதயத் துடிப்பு எத்தனை, ஷூவின் குதிகால் உயரம் எத்தனை. கோச் அனுப்பிய பயிற்சி அட்டவணையில் பதினாறு வாரமும் பதினாறு வண்ணத்தில் இருந்தது. மாதம் எட்டு நாள் ரத்தம் போகும் ஒருத்தி இந்த அட்டவணையை ஓடப்போகிறாள் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. போட்டவர்கள் யாருக்கும் அது வருவதில்லை. எனக்கு வருகிறதே, நான் ஏன் யோசிக்கவில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மரியாதையான பதில் கிடையாது. கிரீடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் மற்ற இடங்களுக்கும் அலையாமல் ஸ்கேன், பரிசோதனை எல்லாம் முடிந்து, பயப்படும்படி எதுவுமில்லை என்று ஆனது. மாதப்போக்கைக் கட்டுப்படுத்த மருந்து, காலை மாலை இரும்புச்சத்து மாத்திரை. மூன்று மாதம் ஓடக்கூடாது.

"நடக்கலாமா?"

"நடக்கலாம்."

"வேகமா நடக்கலாமா?"

"அக்கா!"

"வாரத்துக்கு ஒரு இருபது மட்டும்..."

சர்க்கரை நோயாளிகள் ஒரு லட்டுக்காக இதே குரலில் பேரம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மாத்திரையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குமட்டுகிறது. வயிறு கட்டிக்கொள்கிறது. வெளிக்குப் போனால் தார் போலக் கறுப்பாகப் போகிறது. பனித்திட்டுப் பெண் இதையெல்லாம் முதல் மாதமே சொன்னாள். "அதெல்லாம் மனசுதான்" என்றேன் அப்போது. எங்கள் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் சிவப்பு மாத்திரைகள் மிதப்பதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இந்த வட்டாரத்துக் கொசுக்களுக்கு ரத்தசோகை வர வழியே இல்லை. மூன்றாம் நாள் என் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, போட்டாயிற்று என்று கணவரிடம் சொன்னேன். அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது திட்டவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறைவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

குழுவுக்கு விஷயத்தை எழுதினேன், பாதி உண்மையாக: ரத்தம் குறைவு, சில வாரம் ஓய்வு. கோச்சின் குரல் செய்தி: "மேடம், ரிப்போர்ட் பாத்து ஓடறவங்க ரன்னர் இல்ல. எல்லாம் மைண்ட்தான்." அந்த ஞாயிறு பட்டியலில் என் பெயர் கடைசியில், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நத்தையோடு இருந்தது.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தேன். அது புரட்டாசி, நடவுக்கு முந்திய நேரம். வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்க, கணவர் காலையிலிருந்து மாலை வரை பவர் டில்லருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை அவர் கிளம்பும்போது என் வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டினேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. எவ்ளோ தூரம் நடக்கறீங்கன்னு பாக்கலாம்."

சாயங்காலம் சேறு அப்பியிருந்த வாட்சைத் துடைத்துப் பார்த்தால் பதினேழு கிலோமீட்டர். செயலியில் வரைபடம், ஒரு குழந்தை பென்சிலால் கிறுக்கியது போல ஒரே கட்டத்துக்குள் நூறு கோடு. அனுப்புவதா வேண்டாமா என்று விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் அழுத்திவிட்டது.

கோச் உருகிவிட்டார். "பாருங்க எல்லாரும்! இதுதான் கம்பேக்! மெதுவான வேகம், சேத்துத் தரை, குறுகிய திருப்பம். மேடம் காடுமேட்டுல ஓடற டிரெயில் ரன்னிங்கையே வேற லெவலுக்குக் கொண்டுபோறாங்க." அந்த வாரம் என் பெயரில் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் சேர்ந்தது. குழு தொடங்கியதிலிருந்து ஒரு பெண் ஓடாத தூரம். தங்கக் கிரீடம். கட்டிலில் படுத்து ஈரல் வறுவல் தின்றுகொண்டே அதைப் பார்த்தேன்.

பிரச்சினை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கணவர் தினமும் வந்ததும், "நா எத்தினியாவது எடம்?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலிடம் என்றதும் முகத்தில் ஒரு களை. இரண்டாம் வாரம் ஒரு பாண்டிக்காரர் அவரை நான்கு கிலோமீட்டரில் முந்திவிட்டார். மறுநாள் கேட்காமலேயே பக்கத்து நிலத்துக்காரரின் வயலையும் ஓட்டிவிட்டு வந்தார். "பாவம், அவருக்கு முதுகுவலி" என்றார். அந்த மனிதருக்கு முதுகுவலி பத்து வருடமாக இருக்கிறது. இரவு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு ஏழு இருந்தா அவன தாண்டிடலாம் இல்ல?" என்றார். கண்ணாடியில் என்னைப் பார்ப்பது போல இருந்தது, மீசையோடு.

மறுநாள் காலை வயலுக்குப் போய், முழங்கால் வரை சேற்றில், டில்லரோடு, கையில் வாட்சோடு நின்றவரை ஒரு படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'இரண்டு வாரமாக ஓடியது இவர். எனக்கு ஹீமோகுளோபின் எட்டு. முதலில் சொன்ன நாற்பத்தைந்து என் ஸ்கூட்டியின் மைலேஜ். குழுவில் இருக்கும் பெண்கள் தயவுசெய்து ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அரை மணி நேரத்தில் தரவுகளின் நேர்மை பற்றிக் கோச் ஒரு நீண்ட செய்தி எழுதினார். அதைப் படித்து முடிப்பதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மாலையில் கோச்சிடமிருந்து அழைப்பு. திட்டத்தான் என்று எடுத்தேன்.

"மேடம், சாரோட நம்பர் கெடைக்குமா? வயசு என்ன? சேத்துல தொண்ணூறுன்றது... அவர் ரியல் அத்லெட் மேடம்."

கணவர் இப்போது அந்தக் குழுவில் இருக்கிறார். நடவு நேரத்தில் கிரீடம், மற்ற மாதங்களில் நத்தை. இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறார். அவருக்கு அந்தப் பொம்மைகளின் அர்த்தம் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் செய்திக்குப் பதில் குழுவில் வரவில்லை, தனித்தனியாக வந்தது. அந்த வாரத்துக்குள் நான்கு பெண்கள் கேட்டார்கள், எங்கே பார்ப்பது, எவ்வளவு இருக்க வேண்டும், ஐஸ் தின்னத் தோன்றுவதும் இதனால்தானா என்று. ஒருத்தி காரை ஓட்டிக்கொண்டு நேராக எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டாள். வங்கி அதிகாரி. என் ஒரு மாதச் சம்பளம் விலை இருக்கும், பளபளக்கும் ஷூ. கர்ப்பிணிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். எட்டு புள்ளி ஏழு. சீட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே அழுதாள். "வேகம் போச்சுன்னு தினமும் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்க்கா" என்றாள். பக்கத்திலிருந்த கிருமாம்பாக்கத்துப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

எனக்குப் பதினொன்று தாண்ட மூன்றரை மாதம் பிடித்தது. மறுபடி வாரத்துக்குப் பத்து கிலோமீட்டரிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை யாருடைய அட்டவணையும் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் வேறு ஒரு அளவுகோல் இருந்தது, அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை காலை ரத்தநாளம் தேடும்போது என் கை எப்படியிருக்கிறது என்பது. முப்பது ஓடிய வாரத்துக்குப் பின் ஊசி ஒரே தடவையில் இறங்கியது. முப்பத்தாறிலும் இறங்கியது. நாற்பது ஓடிப் பார்த்தேன், இரண்டு பேரை இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. நாற்பத்து நான்கில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை மூன்று தடவை குத்தினேன். அவர் என் மேல் புகார் எழுதப் பேப்பர் கேட்டார், நானே எடுத்துக் கொடுத்தேன். அதோடு முப்பத்தாறுக்கு மேல் ஏறுவதில்லை. போக்கு அதிகமாக இருக்கும் வாரங்களில் பதினைந்து, அதையும் நடையும் ஓட்டமுமாக. டெங்கு நேரத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளேட்லெட் பார்த்த ஒரு வாரம், ஆறு.

இந்தக் கணக்கில் பத்து கிலோமீட்டர் ஐம்பத்தேழு நிமிடத்துக்கு வந்துவிட்டது. எழுபது ஓடிய காலத்தைவிடப் பதினோரு நிமிடம் வேகம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் டாக்டரிடம் சொன்னேன். "நல்லது அக்கா. இந்த மாசம் உங்க ரத்த சாம்பிள் குடுத்துட்டீங்களா?" என்றாள்.

போன வாரம் முப்பத்து மூன்று. திங்கட்கிழமை முதல் ஆளாக ஒரு விவசாயி வந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த கை, நாளமே தெரியாது. ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அது ஒரே தடவையில் இறங்கி வெளியே வந்த பிறகும் பல்லைக் கடித்தபடியே இருந்தார்.

"முடிஞ்சிட்ச்சிங்க, கைய மடக்குங்க."

"இன்னாம்மா, இன்னும் குத்தவே இல்லியே?"

டியூபைத் தூக்கிக் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அது தன்னுடையதுதானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.